நான்காவது சேனல்

நீதிமன்றத்தின் இணையவாசல் அன்று காலை பதினொரு மணிக்குள் நான்காவது முறையாகக் கோப்பைத் திருப்பி அனுப்பியது. காரணம் சிவப்பு எழுத்தில் இருந்தது: ‘ஃப்ரேம் எண் ஏற்புடையதல்ல.’ வல்லி அதைப் படித்தாள். நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தபடி ஒரு கெட்ட வார்த்தையை நிதானமாகச் சொன்னாள். அதனால் எந்தப் பலனும் இல்லை என்பது தெரிந்தும் இன்னொரு முறை சொன்னாள்.

முழுப்பெயர் குமுதவல்லி. வயது முப்பத்தொன்பது. சாலிகிராமத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் சினிமாவுக்கு கம்பாசிட்டிங் செய்தவள். பச்சைத் துணிக்கு முன்னால் நின்ற நாயகனை வெட்டியெடுத்து, அவன் பார்த்தேயிராத பனிமலையின்மேல் ஒட்டி, அங்கேதான் நின்றான் என்று ஊரை நம்ப வைப்பது அவள் வேலை. அந்த வேலையை இயந்திரமே எடுத்துக்கொண்ட பிறகு ‘நிழல்வரி’ நிறுவனத்துக்கு வந்தாள். இங்கே ஒட்டுவது மனிதர்களின் நினைவை.

சட்டம் திருத்தப்பட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. சாட்சி கூண்டில் ஏறி வாயால் சொன்னது போதாதென்று, இப்போது தலையில் கவசம் மாட்டி, அவர் கண்டதைப் படங்களாகவே எடுத்துவிடுகிறார்கள். ஒரு நொடிக்கு இருபத்துநான்கு படங்கள். அவை துண்டு துண்டாகத்தான் வரும். அந்தத் துண்டுகளைச் சேர்த்து, வரிசை எண் போட்டு, கோர்ட் கேட்கும் வடிவத்தில் வெளியே தள்ளுவதற்கு ஆள் வேண்டும். வல்லி அந்த ஆள்.

அன்றைய வழக்கு ஏகாம்பரத்துடையது. தண்ணி லாரி ஓட்டுகிற ஐம்பத்தொரு வயது மனிதர். வளசரவாக்கம் சிக்னலில் தர்ஷன் என்ற ஆறு வயதுப் பையனை இடித்துக் கொன்றுவிட்டு நிற்காமல் போனதாகப் பதினொரு மாதமாகப் புழல் சிறையில் இருக்கிறார். கேமரா வேலை செய்யவில்லை, நம்பர் பிளேட்டை யாரும் பார்க்கவில்லை. இருந்த ஒரே சாட்சி பையனின் அம்மா லோகநாயகி. அவள் நினைவிலிருந்து எடுத்த படத்தில், லாரியின் கண்ணாடிக்குப் பின்னால் ஏகாம்பரத்தின் முகம் மீசையோடு பளிச்சென்று இருந்தது. நாளை தீர்ப்பு.

எல்லாம் முடிந்து கோப்பும் எப்போதோ போயாகிவிட்டது. ஆனால் போன மாதம் இணையவாசலைப் புதுப்பித்தார்கள். புதுப்பித்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? பழைய கோப்புகள் எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. நிலுவையில் உள்ள வழக்குகளை எல்லாம் புது விதிப்படி மறுபடி அனுப்ப வேண்டும், சாட்சி மறுபடி பார்த்துக் கைரேகை வைக்க வேண்டும், அதுவும் தீர்ப்புக்கு முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குள்.

பழைய கோப்புகளில் ஃப்ரேம் எண் ஐந்து இலக்கம். புதிய வாசலுக்கு நாலு இலக்கம் வேண்டும். வல்லி நானூறு படங்களின் பெயரையும் ஒரே தட்டில் மாற்றி அனுப்பினாள். பெயர் மாற்றப்பட்டுள்ளது, மூலத்திலிருந்தே ரெண்டர் செய்து அனுப்புக என்றது வாசல். ரெண்டர் செய்தாள், அதாவது மூலத்திலிருந்து படங்களைப் புதிதாக எழுத வைத்தாள்; மறுபடி ஐந்து இலக்கத்தில் வந்தது. இப்படியே நாலு தடவை.

ஒரு வழிதான் மிச்சம். திரையில் ரெண்டருக்கான கட்டளைகள் உள்ள பெட்டியைத் திறந்து உள்ளே எண்ணை மாற்ற வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். நிழல்வரியில் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் சிபி என்பவன் அதை அமைத்துவிட்டு கனடாவுக்குப் போய்விட்டான். போகும்போது பெட்டியின்மேல் மஞ்சள் குறிப்பு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான்: ‘நல்லா ஓடுது, தொடாதீங்க.’ அன்றிலிருந்து புது வழக்கு வந்தால், முந்தைய வழக்கின் பெட்டியை அப்படியே நகலெடுத்து ஒட்டுவார்கள், வழக்கு எண்ணை மட்டும் மாற்றுவார்கள், ரெண்டரை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். அவளும் அப்படித்தான். பன்னிரண்டு ஆண்டு அனுபவம், லட்சணத்தைப் பாருங்கள்.

வல்லி பெட்டியைத் திறந்தாள். எண் இலக்கம் என்ற இடத்தில் ஐந்தை நான்காக்கினாள். மூடப் போனவள் கண்ணில் அதற்கு மேலிருந்த இரண்டு வரிகள் பட்டன. கோப்பு வகை: ஜேபெக். சேனல்கள்: சிவப்பு, பச்சை, நீலம்.

அவ்வளவுதான். மூன்றுதான். கண் கண்டதையும் மனசு நிரப்பியதையும் பிரித்துக் காட்டுகிற நாலாவது இல்லை.



ஜேபெக்கை நீக்கி பிஎன்ஜி என்று மாற்றினாள். சேனல்களில் நாலாவதான ஆல்ஃபாவையும் சேர்த்தாள். பட்டியலுக்கு ஒன்றாக இரண்டே சொடுக்கு. பிறகு 1187-ஆம் ஃப்ரேமை மட்டும் ரெண்டர் செய்தாள். ஏகாம்பரத்தின் முகம் தெரிகிற ஃப்ரேம் அது.

லாரி வந்தது. அதன் மஞ்சள் முகப்பு வந்தது, சக்கரம் வந்தது, வலது விளக்கின் விரிசல்கூட வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் மீசை இல்லை, முகம் இல்லை. எதுவும் இல்லாத இடத்தில் மென்பொருள் காட்டுகிற சாம்பல் கட்டம்தான் இருந்தது.

*

“நீ எதுக்கு அதத் தொறந்த?” என்றார் தனசேகர்.

நிழல்வரியின் முதலாளி அவர். நல்ல மனிதர்தான். ஊழியர் வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வந்து நிற்பவர். இப்போது கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

“சார், நான் எதுக்குத் தொறந்தேங்கறதா இப்ப கேள்வி? மூணு வருஷமா நாம ஆல்ஃபா இல்லாம அனுப்பியிருக்கோம்.”

“சிபி ஏன் அப்படி வெச்சான்?”

“பழைய வாசல்ல ரெண்டு ஜிபிக்கு மேல ஏறாது. அதுக்காக ஜேபெக் போட்டிருக்கான். ஜேபெக்ல நாலாவது சேனல் நிக்காது. பிஎன்ஜில ஒரு ஃப்ரேம் போட்டுக் கணக்குப் பாத்தேன், நானூறுக்கும் ஒண்ணரை ஜிபிதான் வருது. அன்னைக்கே போயிருக்கும். யாரும் போட்டுப் பாக்கல.”

தனசேகர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மூன்று ஆண்டில் எத்தனை வழக்கு என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. வல்லி ஏற்கெனவே பார்த்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு. அதில் அறுபத்துநாலு அவள் கையால் போனவை.

“வல்லிம்மா, நிதானமா யோசி. இது ஒண்ணு வெளிய வந்தா அத்தனையும் வரும். தண்டனை வாங்கினவங்க, விடுதலை ஆனவங்க, எல்லாரும் கோர்ட் வாசல்ல நிப்பாங்க. நெசமாவே தப்புப் பண்ணவனும் சேந்து நிப்பான். தெரியாம நடந்தது. எண்ணை மட்டும் மாத்தி அனுப்பிடு. அடுத்த கேஸ்லேர்ந்து ஒழுங்காப் பண்ணிக்கலாம்.”

“அடுத்த கேஸ்லேர்ந்தா? இந்தக் கேஸ்ல இருக்கறவர் என்ன சார் பண்ணுவார்?”

“அவரே இடிச்சிருக்கலாமில்ல?”

“இருக்கலாம். இந்தப் படம் அப்படிச் சொல்லல. நாமதான் சொல்ல வெச்சிருக்கோம்.”

வல்லிக்குத் தனசேகர்மேல் கோபம் வந்தது, சிபிமேல் வந்தது, அந்த மஞ்சள் குறிப்பின்மேல் வந்தது. எல்லாவற்றையும்விடத் தன்மேல்தான் அதிகமாக வந்தது. சினிமாவில் இருந்தபோது ஒரு நாயகியின் தலைமுடி ஓரத்தில் ஆல்ஃபா கொஞ்சம் பிசிறியதற்காக உதவியாளரை அழவிட்டவள் அவள். இங்கே மனிதர்கள் ஜெயிலுக்குப் போகிற படத்தில் அது இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

இடத்துக்குத் திரும்பி, நானூறு ஃப்ரேமையும் ஆல்ஃபாவோடு ரெண்டர் செய்து, 1001 முதல் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அப்போதுதான் அடுத்த வில்லங்கம் கிடைத்தது.

பழைய படத்தில் தெரு நிறைய ஆட்கள், கடைகள், பேனர்கள். ஆல்ஃபா போட்டதும் அதில் முக்கால்வாசி காணாமல் போனது. மனசு பிறகு இட்டு நிரப்பியவை அவை. 1040-லிருந்து 1066 வரை திரையில் தெளிவாக மிஞ்சியது இரண்டே பொருள். லோகநாயகியின் வலது கையில் ஒளிர்கிற ஒரு ஃபோன். இடது கையின் விரல்களிலிருந்து நழுவிப் போகிற ஒரு சின்னக் கை. அந்தச் சின்னக் கையின் நகத்திலிருந்த அழுக்குவரை அவள் மனதில் உறுதியாகப் பதிந்திருந்தது.

பழைய படத்திலும் அது இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அப்படி ஒரு முகம் இருக்கும்போது கையை யார் பார்த்தார்கள்?

தனசேகரும் பின்னால் நின்று பார்த்துவிட்டார். “ஆரம்ப ஃப்ரேம 1150 போடு” என்றார் தணிந்த குரலில். “லாரி வர்றதுலேர்ந்து போதும். முகம் இல்லைன்னு தெரியும், அவர் வெளிய வந்துடுவார். இது வேணாம். அந்தம்மா மூணு மணிக்கு வந்து இதப் பாக்கணும்மா.”

விதிப்படி முழு நீளமும் போக வேண்டும். ஆனால் பெட்டியில் ‘ஆரம்ப ஃப்ரேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் யாரும் எதையும் எழுதலாம். வல்லி அரைமணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் 1150 என்று எழுதினாள். எழுதிவிட்டு, காலையில் சொன்ன அதே கெட்ட வார்த்தையைத் தன்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

*

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் எப்சிபா லோகநாயகியை அழைத்துக்கொண்டு வந்தார். எப்சிபா இந்த வழக்குக்கு இடையில் மாற்றலாகி வந்தவர். லோகநாயகிக்கு முப்பத்துமூன்று வயது இருக்கும். துவைத்துத் துவைத்து வெளுத்த சுடிதார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தாள்.

வல்லி 1150-லிருந்து ஓடவிட்டாள். லாரி வந்தது, போனது. எப்சிபா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார்.

“என்னம்மா இது? டிரைவர் எங்க?”

“அவர் இதுல இல்ல மேடம்.”

“போன தடவ இருந்தாரே. நான் ஃபைல்ல பாத்தேன்.”

வல்லி மூச்சை இழுத்துக்கொண்டாள். “மேடம், ஒவ்வொரு படத்துக்கும் நாலு சேனல் உண்டு. மூணு கலருக்கு. நாலாவது ஆல்ஃபா. சினிமால அது எந்த இடம் கெட்டி, எந்த இடம் கண்ணாடி மாதிரின்னு சொல்லும். நினைவுப் படத்துல, கவசம் மாட்டிப் படம் எடுக்கற லேப்காரங்க அந்த இடத்துல வேற ஒண்ண வெச்சிருக்காங்க. கண்ணு நெசமா பாத்தது கெட்டியா இருக்கும். மனசு அப்புறமா இட்டு நிரப்பினது கரைஞ்சு போயிடும்.”

“சரி.”

“அந்த சேனலே இல்லாம நாங்க அனுப்பிட்டிருந்தோம். அதனால பாத்ததும் நிரப்பினதும் ஒண்ணு போலத் தெரிஞ்சுது.”

“இந்தக் கேஸ்லயா?”

வல்லி தனசேகரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

“எல்லாக் கேஸ்லயும்” என்றாள்.

எப்சிபா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். “எழுதிக் குடுங்க. இப்பவே. நீங்க சொன்னது அத்தனையும்.”

வல்லி பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது லோகநாயகி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“முன்னாடி இருக்கறத ஏன் மேடம் வெட்டிட்டீங்க?”

லோகநாயகி திரையைக் கைகாட்டினாள்.

“நான் கைய விட்டது இருக்குமே. அது இல்லையே.”

“அது வந்தும்மா...” என்று தனசேகர் ஆரம்பித்தார்.

“மொத நாளே சொன்னேங்க. ஆஸ்பத்திரில வெச்சே சொன்னேன். டிரைவர் மூஞ்சிய நான் பாக்கல, ஃபோன் வந்துச்சு, எடுக்கறதுக்காகக் கைய விட்டேன்னு. அதிர்ச்சில பேசறேன்னு சொன்னாங்க. அப்பறம் வந்த போலீஸ்காரர் ஒருத்தர் ஒரு ஃபோட்டோ காட்டுனாரு. இவரான்னாரு. தெரியலன்னேன். மறுநாளும் காட்டுனாரு. அப்பறம் இங்க பெரிய திரையில அந்த மூஞ்சி வந்ததும், சரி, நாமதான் பாத்துட்டு மறந்துட்டோம் போலன்னு நானே நம்பிட்டேன்.” அவள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிப் பிரித்தாள். “எங்க வீட்டுலயும் சரி, தெருவுலயும் சரி, அந்த லாரிக்காரன் நாசமாப் போவணும்னு எல்லாரும் திட்டுவாங்க. நானும் திட்டுவேன். நடுவுல நான் கைய விட்டேன்னு ஆரம்பிச்சா, சும்மா இருடின்னு வாய அடைச்சுடுவாங்க. ஒருத்தர்கூட முழுசாக் கேட்டது கெடையாது. நீங்களும் வெட்டிட்டீங்க.”

பாவம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, ஊரோடு சேர்ந்து தானும் அவள் வாயைத்தான் பொத்தியிருக்கிறோம் என்பது வல்லிக்கு நன்றாகப் புரிந்தது. பெட்டியைத் திறந்து, 1150-ஐ அழித்துவிட்டு 1001 என்று எழுதினாள்.

“முழுசா ஓட்டறேன்” என்றாள். “பாத்துட்டுச் சொல்லுங்க.”

ஓடியது. ஃபோன். கை. நழுவுகிற விரல்கள். லோகநாயகி அழுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினாள், ஆமாம் இதுதான் என்பதுபோல. முகம் கொஞ்சம் தெளிந்ததுபோலக்கூட இருந்தது.

பிறகு, “மேடம், ஒரு நிமிஷம். கொஞ்சம் பின்னாடி போங்க” என்றாள். “கைய விட்டதும் அவன் திரும்பிப் பாப்பான். என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிப்பான். போன தடவ இருந்துச்சு. அத மட்டும் நிறுத்துங்க.”

வல்லி அந்த இடத்தைத் தேடினாள். ஆல்ஃபா இல்லாத பழைய கோப்பில் அது 1052. பையன் தோளுக்குமேல் தலையைத் திருப்பி, முன்பல் இரண்டு இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தான். புதிய கோப்பிலும் 1052-க்கு வந்தாள். கை இருந்தது. சட்டையின் நீலம் கொஞ்சம் இருந்தது. கழுத்துக்குமேல் சாம்பல் கட்டம்.

இதை அவள் கவனித்திருக்கவில்லை. காலையிலிருந்து கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டாள்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும்” என்றாள் லோகநாயகி.

“இல்லம்மா. இதுதான் அந்த இடம்.”

“மூஞ்சி?”

வல்லி அவள் பக்கம் திரும்பினாள். “உங்க வீட்ல அவன் ஃபோட்டோ இருக்கா? பல்லு விழுந்த நேரத்துல எடுத்தது?”

“ஸ்கூல் ஐடி கார்டுக்கு எடுத்தது. பெருசு பண்ணி மாட்டியிருக்கோம். தினம் பாப்பேன்.”

“அதுலேர்ந்து வந்திருக்கும்மா.”

லோகநாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப அவன் திரும்பவே இல்லையா?”

“திரும்பினானா இல்லையான்னு இந்தப் படம் சொல்லாது. நீங்க அந்த நேரத்துல பாக்கல. அது மட்டும்தான் சொல்லும்.”

“ஃபோனப் பாத்துட்டு இருந்திருக்கேன்.”

“ஆமாம்மா.”

எப்சிபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இது என்ன கர்மம் பிடித்த வேலை என்று வல்லிக்குத் தோன்றியது. ஒரு மனிதரை வெளியே எடுக்க, ஒரு தாயிடம் மிச்சமிருந்த ஒரே சிரிப்பைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

“மேடம்” என்றாள் லோகநாயகி. “அந்த மூஞ்சிய மட்டும் விட்டு வைக்க முடியாதா? லாரிக்காரர எடுத்துடுங்க. கடை, கூட்டம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. நான் கைய விட்டது இருக்கட்டும். இவன் மட்டும்.”

முடியும். வல்லிக்கு அது பத்து நிமிட வேலை. அந்த முகத்தைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, ஆல்ஃபாவில் அந்த இடத்தில் வெள்ளை ஊற்றினால் பையன் கெட்டியாகி நிற்பான், மூன்று ஆண்டு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தனசேகர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையிலேயே சம்மதம் இருந்தது.

“செய்யலாம்மா” என்றாள் வல்லி. “ஆனா ஒரு முகத்த நான் கையால வெச்சேன்னா, இன்னொரு முகத்த நான் கையால எடுத்தேன்னு நாளைக்கு ஒரு வக்கீல் கேப்பார். என்கிட்ட பதில் இருக்காது. ஏகாம்பரம் உள்ளயே இருப்பார்.”

லோகநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். “அவருக்குப் புள்ளைங்க இருக்கா?” என்று கேட்டாள், யாரிடம் என்றில்லாமல்.

“ரெண்டு பொண்ணு” என்றார் எப்சிபா ஜன்னலைப் பார்த்தபடியே.

லோகநாயகி நாற்காலியை மேசையருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கட்டைவிரலை நீட்டினாள். கருவி அதைப் பதிந்துகொண்டு பச்சை விளக்குக் காட்டியது. மணி நாலேகால்.

வல்லி பெட்டியை ஒரு முறை வரிவரியாகப் பார்த்தாள். கோப்பு வகை, சேனல்கள், எண் இலக்கம், ஆரம்பம் 1001, முடிவு 1400. ரெண்டரை அழுத்தினாள்.

“நீங்க வெளிய உக்காருங்கம்மா. டீ சொல்றேன். இது முடிய அரைமணி நேரம் ஆகும்.”

“இல்ல மேடம். இங்கயே இருக்கேன்.”

எழுதி முடிகிற ஒவ்வொரு படமும் திரையில் வந்து நின்றுவிட்டுப் போனது. எண் மெல்ல ஏறியது. 1049. 1050. திரையைத் திருப்பிவிடலாமா என்று வல்லியின் கை எழுந்தது. பக்கத்தில் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

1052 எழுதப்பட நாலு நொடி ஆனது. லோகநாயகியின் மடியில் ஃபோன் ஒரு முறை அடித்து ஓய்ந்தது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.